காஞ்சியிலிருந்து சமர்கண்ட்: ஒரு துறவி வந்த வழியில் எதிர்த்திசையாக

நாள் 1, தாஷ்கண்ட்

பிள்ளையார்பாளையத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் நாங்கள் பாடம் படிப்போம். ஏழாம் வகுப்பில் ஒருநாள் சரித்திரப் புத்தகத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். யுவான் சுவாங் என்ற சீனத் துறவி காஞ்சிக்கு வந்தார் என்று ஒரு வரி. தறிச் சத்தத்துக்கு நடுவே அப்பா கேட்டார்: "எந்த வழியா வந்தாராம்?" புத்தகத்தில் அது இல்லை. அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. அந்தக் கேள்வி மட்டும் என்னிடமே இருந்துவிட்டது.

நானும் தங்கையும் இன்று உஸ்பெகிஸ்தானின் தலைநகர் தாஷ்கண்டில் இறங்கினோம். டெல்லியிலிருந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு பக்கத்திலா இருந்தது இந்த நாடு என்று தங்கை இரண்டு முறை கேட்டாள்.

யுவான் சுவாங் 630 வாக்கில் இந்த நாட்டைத் தாண்டித் தெற்கே போனார். சமர்கண்ட், கேஷ், இரும்புக் கதவு, தெர்மெஸ், அப்புறம் ஆமு தர்யா ஆற்றைக் கடந்து பால்க், பாமியான், பெஷாவர். பத்து வருடம் கழித்து எங்கள் ஊரில் நின்றார். காஞ்சியில் 100 பௌத்த மடங்களும் 10,000 துறவிகளும் 80 கோயில்களும் இருந்ததாக எழுதி வைத்தார். அவர் வந்த வழியில் அந்த ஆற்றுக்குத் தெற்கே எங்களால் போக முடியாது. அதனால் தெர்மெஸில் ஆரம்பித்து, எதிர்த்திசையில் சமர்கண்ட் வரைக்கும் போவதாகத் திட்டம்.

மதியம் வரலாற்று அருங்காட்சியகம் போனோம். நான் பார்க்க வந்தது ஒரே ஒரு சிற்பம். தெர்மெஸ் பக்கத்து ஃபயாஸ் தேப்பே மடத்தில் கிடைத்த சுண்ணாம்புக்கல் புத்தர். போதி மரத்தடியில் தியானத்தில் இருக்கிறார், இரண்டு பக்கமும் இரண்டு துறவிகள் நிற்கிறார்கள். இவ்வளவும் நமக்குப் பழகிய காட்சிதான். அவரைச் சுற்றியிருக்கும் வளைவைத் தாங்கும் தூண்களைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. தூண் தலையில் இலை இலையாக விரிகிற கிரேக்க வேலைப்பாடு. மரம் கயையிலிருந்து வந்தது, தூண் மத்தியதரைக் கடலிலிருந்து வந்தது, கல் இந்த ஊர்க் கல். மூன்றும் ஒரு முழத்துக்குள் இருக்கின்றன, எதுவும் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கவில்லை.

பக்கத்துக் கண்ணாடிப் பேழையில் குஷாணர் நாணயங்கள். கனிஷ்கர் தொளதொளத்த கால்சட்டையும் முரட்டுக் காலணியுமாக, சின்ன அக்கினி மேடையில் எதையோ இட்டுக்கொண்டு நிற்கிறார். அவருடைய நாணயங்களின் மறுபக்கத்தில் ஒன்றில் ஈரானிய மித்ரன், ஒன்றில் நானா தேவி, ஒன்றில் சூலம் ஏந்திய சிவனைப் போன்ற ஓஏஷோ, சிலவற்றில் புத்தர். எல்லாப் பெயர்களும் கிரேக்க எழுத்தில். இத்தனை தெய்வத்தையும் அவர் நம்பினாரா என்பது வேறு பேச்சு. அவருடைய காசு எந்தச் சந்தையில் போய் விழுந்தாலும் அங்கே ஒருவர் அதைப் பார்த்து இது நம்ம சாமி என்று சொல்லியிருப்பார்.

இரவு ரயில் ஏறியாயிற்று. நடு இரவில் சமர்கண்ட் வரும், இறங்கமாட்டோம்.

நாள் 2, தெர்மெஸ்

காலையில் கண் விழித்தபோது வெளியே பருத்திக் காடு. எதிர் இருக்கைப் பாட்டி 'நான்' ரொட்டியைக் கையால் பிய்த்து, திராட்சைக் கொத்தோடு எங்கள் முன் வைத்தார். மொழி தெரியாது. நாங்கள் கொண்டுபோன முறுக்கை நீட்டினோம். கடித்துப் பார்த்து, தலையாட்டி, இன்னும் இரண்டு எடுத்துப் பேரனுக்கென்று கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

தெர்மெஸில் அக்டோபர் வெயில் நம் ஊர்ச் சித்திரை மாதிரி அடித்தது. ஒரு வாடகைக் கார் பிடித்தோம். ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும், நரைத்த மீசை. இங்கே மூத்த ஆண்களை 'அக்கா' என்று கூப்பிட வேண்டும். உஸ்பெக் மொழியில் அது அண்ணன். தங்கை என்னை "அக்கா, தண்ணி குடு" என்று கேட்டபோதெல்லாம் அவர் திரும்பிப் பார்த்தார். மாலைக்குள் அவரே தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுக்கப் பழகிவிட்டார்.

ஃபயாஸ் தேப்பே ஊருக்கு வெளியே ஒரு வெட்டவெளியில் இருக்கிறது. 1968இல் கண்டுபிடித்தார்கள். பச்சைச் செங்கல் சுவர்கள் இடுப்பளவு நிற்கின்றன. நடு முற்றம் வழிபாட்டுக்கு, ஒரு பக்கம் துறவிகளின் அறைகள், மறுபக்கம் சமையலும் சாப்பாடும். வெளியே புதிதாகக் கட்டிய குவிமாடத்துக்கு ஒரு சின்னத் திறப்பு வைத்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் உள்ளே பழைய ஸ்தூபம், வீட்டுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிற பாட்டி மாதிரி.

சமையலறைப் பக்கம் நான் வெகுநேரம் நின்றேன். இந்த மடத்திலும் பக்கத்துக் குன்றில் இருக்கிற காரா தேப்பே மடத்திலும் கிடைத்த பானை ஓடுகளில் பிராமி எழுத்து இருக்கிறது, வடமேற்கு இந்தியாவின் பழைய எழுத்தான கரோஷ்டி இருக்கிறது, கிரேக்க எழுத்தில் எழுதிய, இந்தப் பக்கத்துப் பழைய மொழியான பாக்திரியமும் இருக்கிறது. ஒரே வட்டாரம், மூன்று எழுத்து! கீழடி ஓட்டில் ஆதன் என்ற பேரைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் நாம். அந்த எழுத்தின் உறவுக்கார எழுத்து ஆமு தர்யா கரையில் ஒரு குடத்தின் கழுத்தில் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இவ்வளவு தூரம் பௌத்தம் எப்படி வந்தது? குஷாண அரசு கங்கைச் சமவெளியிலிருந்து இந்த ஆறு வரைக்கும் நீண்டு கிடந்தது. ஒரே காசு, ஒரே அரசின் காவல். வியாபாரி தைரியமாகக் கிளம்பினான், அவன் கூட்டத்தோடு துறவியும் கிளம்பினார். தனியாக இந்தப் பாலையில் யாரும் நடக்க முடியாது. துறவிக்கு ஒட்டகமும் தண்ணீரும் வழித்துணையும் வேண்டும். வியாபாரிக்கு வழியில் தங்க இடமும், புண்ணியமும், கேட்டால் ஆறுதல் சொல்ல ஓர் ஆளும் வேண்டும். இந்த மடங்கள் அந்த இரண்டு தேவையும் சந்தித்த இடம்.

மாலை ஆற்றைப் பார்க்கப் போனோம். அக்கரை ஆஃப்கானிஸ்தான். தண்ணீர் கலங்கிய பழுப்பு நிறம், சத்தமில்லாத வேகம். பால்க் நகரம் அந்தப் பக்கம்தான். கி.மு. 138இல் சீனாவின் ஹான் பேரரசர் தூதராக அனுப்பிய ஜாங் சியான், வழியில் சியோங்னு நாடோடிகளிடம் பத்து வருடம் சிறைப்பட்டு, தப்பித்து, இந்தப் பாக்திரியா மண்ணுக்கு வந்து சேர்ந்தார். சந்தையில் மூங்கில் தடியும் துணியும் விற்பதைப் பார்த்தார். இரண்டும் அவருடைய நாட்டுத் தென்மேற்குச் சரக்கு! எங்கிருந்து வாங்கினீர்கள் என்று விசாரித்தார். எங்கள் வியாபாரிகள் இந்தியாவில் வாங்கி வந்தார்கள் என்றார்கள். பேரரசின் தூதர் உயிரைக் கொடுத்துத் தேடி வந்த வழியை, பெயர் தெரியாத சில வியாபாரிகள் மூங்கில் தடியோடு எப்போதோ கடந்துவிட்டிருந்தார்கள். இந்தப் பயணம் முழுக்க என் மனதில் ஓடப்போவது இதுதான் என்று நினைக்கிறேன்.

நாள் 3, இரும்புக் கதவு வழியாக

காலை ஏழு மணிக்கே கிளம்பினோம். நேற்றைய ஓட்டுநர் அண்ணனே சமர்கண்ட் வரைக்கும் வர ஒத்துக்கொண்டார்.

சமவெளி முடிந்து மலை தொடங்கியதும் மண் நிறம் மாறியது. செம்பழுப்பு, சில இடங்களில் துருப்பிடித்த கம்பி நிறம். தெர்பெண்ட் என்ற கிராமத்தை நெருங்கியபோது வண்டியை நிறுத்தச் சொன்னேன். இங்கே பக்கத்து மலைப்பிளவுதான் யுவான் சுவாங் எழுதிய இரும்புக் கதவு. இரண்டு பக்கமும் இரும்பு நிறப் பாறை, நடுவே ஒடுக்கமான வழி, அதில் இரும்பு பூட்டிய இரட்டைக் கதவு, கதவில் நிறைய இரும்பு மணிகள் தொங்கின என்று அவர் குறிப்பு சொல்கிறது.

மணி எதற்கு? எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். ராத்திரியில் யாராவது கதவைத் தொட்டால் காவல்காரன் எழுந்துகொள்ள வேண்டும். கோயில் கதவிலும் நகைக்கடைக் கதவிலும் மணி கட்டுகிறோமே, அதே யோசனைதான். வடக்கே துருக்கியர், தெற்கே பழைய பாக்திரியா. இரண்டுக்கும் நடுவே வண்டி போகிற ஒரே இடுக்கு. அதை அடைத்தால் ஒரு நாட்டை அடைத்த மாதிரி.

1404இல் ஸ்பெயின் நாட்டுத் தூதர் கிளாவிஹோ தைமூரைப் பார்க்க இந்த வழியாகத்தான் போனார். அப்போது கதவு இல்லை, மணி இல்லை. இந்தியாவிலிருந்து வருகிற வியாபாரிகள் இங்கே கட்டுகிற சுங்கத்தில் தைமூருக்குப் பெரிய வருமானம் என்று எழுதியிருக்கிறார். கதவு போன பிறகும் சுங்கம் போகவில்லை. பேரரசுகள் சாலையை ஏன் காத்தன என்று கேட்டால் பதில் இந்த இடுக்கில் இருக்கிறது. தத்துவத்துக்கும் கலைக்கும் அவர்கள் காவல் போடவில்லை, சுங்கத்துக்குத்தான் போட்டார்கள். அந்தக் காவலின் நிழலில் மற்றதெல்லாம் நடந்து போயிற்று.

ஓர் ஆட்டு மந்தை எங்களைக் கடந்தது. கழுத்து மணிச் சத்தம் பாறையில் பட்டு இரண்டாகத் திரும்பி வந்தது. தங்கை கைப்பேசியில் பதிவு செய்துகொண்டாள்.

ஷாஹ்ரிசப்ஸில் ஒரு மணி நேரம் நின்றோம். யுவான் சுவாங்கின் கேஷ் இதுதான், தைமூர் பிறந்ததும் இந்தப் பக்கம்தான். அவர் 1380இல் கட்டத் தொடங்கிய ஆக் சராய் அரண்மனையில் வாயிலின் இரண்டு தூண்கட்டுகள் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. நீல ஓடுகள் அழகு. ஆனால் இரும்புக் கதவுக்குப் பிறகு எனக்கு அரண்மனையில் மனம் செல்லவில்லை.

மலைக்கணவாய் ஏறி இறங்கி, சமர்கண்டுக்கு இருட்டிய பிறகு வந்து சேர்ந்தோம். தங்க ஏற்பாடு செய்திருந்த விடுதியில் எங்கள் பேரே இல்லை என்றார்கள். அண்ணன் கோபப்பட்டுச் சண்டை போடவில்லை, யாருக்கோ போன் செய்தார். அரை மணியில் அவருடைய உறவுக்காரர் வீட்டு முற்றத்து அறை கிடைத்தது. முற்றத்தில் மாதுளை மரம். இரவு பதினொரு மணிக்கு தேநீர், பாதாம், பிஸ்தா. பாதாமுக்கு இங்கே 'போதோம்', பிஸ்தாவுக்குப் 'பிஸ்தா'வேதான். மொழி தெரியாத வீட்டில் தட்டில் இருப்பதை எல்லாம் பேர் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

நாள் 4, அஃப்ராசியாப்

பழைய சமர்கண்ட் இப்போதைய நகரத்தின் ஓரத்தில் ஒரு மண்மேடு. அஃப்ராசியாப் என்று பேர். 1220இல் செங்கிஸ்கானின் படை அழித்த பிறகு அந்த மேட்டில் மறுபடி ஊர் எழவில்லை. 1965இல் சாலை போடத் தோண்டியபோது ஒரு வீட்டின் கூடம் வெளிப்பட்டது. நான்கு சுவரிலும் ஓவியம். ஏழாம் நூற்றாண்டு, வர்குமான் என்ற அரசன் காலம். யுவான் சுவாங் இங்கே வந்துபோய் ஒரு தலைமுறைகூட ஆகியிருக்காது.

அருங்காட்சியகத்தில் அந்தச் சுவர்களை அப்படியே ஓர் அறையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நிறம் மங்கிவிட்டது. முதல் ஐந்து நிமிடம் நீலப் பின்னணியும் கிழிசல்களும்தான் தெரியும். பொறுமையாக நின்றால் ஒவ்வொருவராக வெளியே வருகிறார்கள். மேற்குச் சுவரில் நாடு நாடாகத் தூதர்கள். சீனர்கள் பட்டு கொண்டு வருகிறார்கள், கையில் பட்டுக் கூடுகளும் நூலும் துணிக் கட்டும். நீண்ட பின்னலோடு துருக்கியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓர் ஓரத்தில் இரண்டு பேர் தலையில் இறகு செருகி நிற்கிறார்கள், அவர்கள் கொரியர்கள். வடக்குச் சுவரில் சீன அரசி படகில் போகிறாள். தெற்கில் வெள்ளை யானையோடு ஊர்வலம். கிழக்குச் சுவர் இந்தியாவைக் காட்டுவது என்கிறார்கள், அதுதான் மிக மோசமாகச் சிதைந்திருக்கிறது. நம் பக்கம் மட்டும் அழிந்துபோயிற்றே என்று மனசு கேட்கவில்லை.

ஒரு தூதரின் அங்கியில் 16 வரி சோக்திய எழுத்து இருக்கிறது, அந்தக் காலத்துச் சமர்கண்ட் பக்கத்து மக்களான சோக்தியர்களின் எழுத்து. சகானியான் நாட்டு அமைச்சர் வர்குமானிடம் சொல்லும் சொல். நான் மரியாதையோடு வந்திருக்கிறேன், என்னைப் பற்றி ஐயம் வேண்டாம், சமர்கண்டின் தெய்வங்களையும் சமர்கண்டின் எழுத்தையும் நன்றாக அறிந்தவன் என்பது அதன் சாரம். சகானியான் என்பது தெர்மெஸுக்கு வடக்கே இருக்கிற பள்ளத்தாக்கு. அவரும் நாங்கள் நேற்று வந்த இரும்புக் கதவு வழியாகத்தானே வந்திருப்பார்! வந்தவர் தன் குலத்தையும் படையையும் பற்றி ஜம்பம் அடிக்கவில்லை. உன் எழுத்து எனக்குத் தெரியும் என்கிறார். வெளியூரில் ஒருவர் நம்மிடம் வந்து இரண்டு வார்த்தை தமிழ் பேசினால் நம் முகம் மலர்கிறதே, அதை 1300 வருடத்துக்கு முன்னால் ஒரு ராஜதந்திரி தெரிந்து வைத்திருந்தார்.

அந்த எழுத்தின் பயணம் இன்னொரு அதிசயம். மேற்கே அராமிய எழுத்திலிருந்து பிறந்தது. சோக்திய வியாபாரிகளிடமிருந்து உய்குர் மக்கள் எடுத்துக்கொண்டார்கள். உய்குரிடமிருந்து மங்கோலியர், மங்கோலியரிடமிருந்து மஞ்சூரியர். பெய்ஜிங் அரண்மனை வாயில்களில் இருக்கும் மஞ்சு எழுத்து, சிரியா பக்கத்துக் கணக்கப்பிள்ளைகளின் எழுத்துக்குப் பேத்தி முறை. இந்த ஊரைத் தரைமட்டமாக்கிய மங்கோலியரே இந்த ஊர்க்காரர்கள் கொண்டுபோன எழுத்தில்தான் தங்கள் மொழியை எழுதக் கற்றார்கள்.

சோக்தியர்களுக்கென்று பெரிய பேரரசு இருந்ததே இல்லை. சமர்கண்ட், புகாரா, பஞ்சிகெண்ட் என்று தனித்தனி நகரங்கள். ஆனால் சீனத் தலைநகரம் வரைக்கும் இவர்கள் குடியிருப்பு, சிந்து நதியின் மேல்பக்கப் பாறைகளில் நூற்றுக்கணக்கில் இவர்கள் கீறிய பெயர்கள். குழந்தை பிறந்ததும் வாயில் கல்தேனைத் தடவுவார்கள், உள்ளங்கையில் பசை வைப்பார்கள் என்று தாங் அரச வம்சக் காலத்துச் சீன வரலாறு இவர்களைப் பற்றிச் சொல்கிறது. பேச்சு இனிக்க வேண்டும், காசு கையில் ஒட்ட வேண்டும்.

அந்தப் பேச்சு எல்லோருக்கும் இனித்ததில்லை. 1907இல் சீனாவின் மேற்குப் பக்கத்துத் துன்ஹுவாங் அருகே ஒரு பாழடைந்த காவல் கோபுரத்தில் தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் சோக்தியக் கடிதங்களைக் கண்டெடுத்தார். நான்காம் நூற்றாண்டின் தொடக்கம். ஒன்று சமர்கண்டுக்கு என்று முகவரி எழுதி, பட்டில் சுற்றி, முரட்டுத் துணி உறையில் இட்ட வியாபாரக் கடிதம். சீனாவில் ஊர் எரிந்ததையும், லோயாங்கில் இந்தியர்களும் சோக்தியர்களும் பட்டினியால் செத்ததையும் சொல்கிறது. இந்தியர்கள் என்ற சொல்லை அதில் பார்த்தபோது யார் பெற்ற பிள்ளைகளோ என்றிருந்தது.

இன்னொன்று மிவ்னாய் என்ற பெண் எழுதியது. கணவன் அவளையும் மகளையும் துன்ஹுவாங்கில் விட்டுவிட்டுப் போய்விட்டான். மூன்று வருடம். உதவி கேட்ட இடத்திலெல்லாம் கை விரித்துவிட்டார்கள். கோயில் பூசாரி ஒருவர் மட்டும் ஒட்டகமும் ஆளும் தருவதாகச் சொல்கிறார். உனக்குப் பெண்டாட்டியாக இருப்பதைவிட நாய்க்கோ பன்றிக்கோ பெண்டாட்டியாக இருக்கலாம் என்று அவள் கணவனுக்கு எழுதுகிறாள். கடிதம் போய்ச் சேரவில்லை. இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 1700 வருடமாக அந்தக் கோபம் ஆறாமல் காகிதத்தில் இருக்கிறது.

இதையும் சொல்லிவிட வேண்டும். 639இல், இன்றைய மேற்குச் சீனாவில் இருக்கிற துர்பான் சந்தையில் ஒரு பெண்ணை விற்ற ஒப்பந்தம் சோக்திய மொழியில் கிடைத்திருக்கிறது. பேர் உபாச். விற்றவர் சமர்கண்டுக்காரர், வாங்கியவர் ஒரு பௌத்தத் துறவி. விலை 120 வெள்ளி நாணயம். அதே வருடங்களில் இன்னொரு பௌத்தத் துறவி எங்கள் காஞ்சியை நோக்கி நடந்துகொண்டிருந்தார். பட்டும் எழுத்தும் போன வழியில் அவளும்தான் போனாள். அந்தப் பாதையைப் பற்றி நல்லதை மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை.

நாள் 5, சமர்கண்ட்

காலையில் ரெகிஸ்தான். மூன்று மதரசாக்களையும் பார்த்தோம், படம் எடுத்தோம். உலுக் பெக் கட்டியது 1420இல் முடிந்தது, மற்ற இரண்டும் இருநூறு வருடம் பிந்தியவை. எல்லோரும் எழுதியதைத் திரும்ப எழுத வேண்டாம்.

உலுக் பெக்கின் வானாய்வுக் கூடத்தில்தான் நிற்கத் தோன்றியது. 1908இல் தோண்டி எடுத்தது, நிலத்துக்குக் கீழே இறங்கும் பளிங்கு வளைவு மட்டும் மிச்சம். இங்கே 1437இல் 1018 நட்சத்திரங்களுக்கு அட்டவணை போட்டார்கள். பேரரசன் தைமூரின் பேரனான உலுக் பெக் 1449இல் சொந்த மகனின் ஆட்களால் வெட்டப்பட்டான். அட்டவணை தப்பித்து ஊர் ஊராகப் போய், ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரைக் கட்டிய ஜெய்சிங் கைக்கும் வந்தது.

மதியம் சியோப் சந்தை. முலாம்பழம் ஒரு கீற்று வாங்கித் தின்றோம். இந்தியாவுக்கு வந்த பாபர் முலாம்பழம் நறுக்கும்போது ஊர் நினைவில் அழுததாக எழுதி வைத்திருக்கிறார். தின்று பார்த்தால் அவர் அழுததில் நியாயம் இருக்கிறது. தந்தூர் அடுப்பின் சுவரில் ஒட்டிச் சுட்ட 'சொம்சா' நம் சமோசாவின் சொந்தக்காரன். 'சப்ஜி' என்று கேட்டேன், கேரட்டை எடுத்துக் கொடுத்தார்கள். இங்கே அந்தச் சொல்லுக்குக் கேரட் என்றுதான் அர்த்தம்.

ஒரு கடையில் மஞ்சளாய், கட்டி கட்டியாய், கண்ணாடி மாதிரி எதையோ குவித்திருந்தார்கள். 'நவ்வோத்' என்றார் கடைக்காரப் பெண். ஒரு துண்டு உடைத்து என் வாயில் போட்டார். கற்கண்டு! மளிகைக் கடையில் நூலோடு தொங்குமே, அதேதான், இது குங்குமப்பூ நிறம். நாக்கில் கரையும்போதுதான் நேற்றுப் படித்தது பொருந்தியது. குழந்தைகளின் வாயில் சோக்தியர்கள் தடவியதாகச் சீனர்கள் சொன்ன கல்தேனும் இதைப் போன்ற கட்டிச் சர்க்கரையாகத்தான் இருந்திருக்கும். கரும்புச்சாறு காய்ச்சிச் சர்க்கரை எடுக்கிற பக்குவத்தைக் கற்றுவரத் தாங் பேரரசர் 647இல் மகதத்துக்கே ஆள் அனுப்பினார்.

சர்க்கரைக்கு என்ன பேர் என்று கேட்டேன். 'ஷகர்', 'கந்த்' இரண்டும் சொல்வோம் என்றார். சர்க்கரையும் கண்டும். இரண்டு சொல்லும் நம் பக்கத்திலிருந்து கிளம்பி இவ்வளவு தூரம் வந்து, இந்தப் பெண்ணின் வாயில் வீட்டுச் சொல்லாகிவிட்டன. அரைக் கிலோ வாங்கினேன். காசு கொடுத்த பிறகு இன்னொரு துண்டு கையில் வைத்து அனுப்பினார்.

நாள் 6, புகாரா

அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம், இரவே திரும்பிவிட்டோம். கால் வலியால் சுருக்கமாக எழுதுகிறேன்.

1127இல் கட்டிய கல்யாண் மினார், சாமானித் வம்ச அரசர்களின் செங்கல் கல்லறை இரண்டும் மங்கோலியப் படைக்குத் தப்பியவை. அந்தக் கல்லறையில் வண்ண ஓடே கிடையாது. செங்கல்லைக் குறுக்கும் நெடுக்கும் சாய்த்தும் அடுக்கியே கூடை முடைந்த மாதிரி செய்திருக்கிறார்கள். வெயில் நகர நகர சுவரின் கோலம் மாறுகிறது. நெசவுக்காரர் வீட்டுப் பெண் என்பதால் ஊடு எது பாவு எது என்று தேடிக்கொண்டு அரைமணி நின்றேன்.

நாற்சந்திகளின் மேல் குவிமாடம் கட்டிச் சந்தையாக்கியிருக்கிறார்கள். ஒன்றின் பேர் 'தோகி சர்ராஃபோன்'. காசு மாற்றுகிறவர்களின் குவிமாடம். பழைய கடைகளில் பணம் எண்ணிப் பார்க்கிறவரை நம்மிடமும் சராப்பு என்பார்கள், அந்தச் சொல்தான். இங்கே உட்கார்ந்து காசு மாற்றியவர்களில் பலர் முல்தான், பஞ்சாப் பக்கத்து இந்துக்கள். 1558இல் இங்கே வந்த ஆங்கில வியாபாரி ஜெங்கின்சன், இந்தியர்கள் தலைப்பாகைக்கான மெல்லிய வெள்ளைத் துணி கொண்டுவந்ததை எழுதியிருக்கிறார். திரும்பிப் போகும்போது பட்டும் குதிரையும் வாங்கினார்கள், அடிமைகளையும் வாங்கினார்கள்.

நாம் துணி விற்று, பட்டு வாங்கினோம். பட்டுக்குப் பேர்போன ஊரில் பிறந்த எனக்கு இது புதுச் செய்தி. அந்தக் குவிமாடத்தின் கீழ் இப்போது காந்தச் சிலைகளும் சால்வைகளும் விற்கிறார்கள். ஒரு சால்வையை மடித்துப் பிடித்து நூலைப் பார்த்தேன். "எங்க நெசவு?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். கடைக்காரர் தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டினார்.

நாள் 7, கோனிகில்

சமர்கண்டுக்கு வெளியே ஓடைக்கரையில் கோனிகில் என்று ஒரு கிராமம். பழைய முறையில் காகிதம் செய்கிறார்கள். மூலப்பொருள் முசுக்கொட்டை. இலையைப் பட்டுப்புழுவுக்குப் போட்ட பிறகு மிஞ்சுகிற கிளை.

ஓர் அம்மா மணையில் உட்கார்ந்து, ஊறிய கிளையின் பட்டையை உரித்து, மேல் கருந்தோலைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தார். உள்ளே வெளிர் மஞ்சள் நார். அதை வேகவைத்து, நீர்ச்சக்கரம் தூக்கிப் போடும் மர உலக்கையில் மணிக்கணக்காக இடிக்கிறார்கள். டொக், டொக் என்று அந்தச் சத்தம் ஓடையின் சலசலப்போடு சேர்ந்து வந்தபோது தங்கை என் முழங்கையைப் பிடித்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு. கண்ணை மூடினால் எங்கள் வீட்டுத் தறி.

கூழைத் தொட்டியில் கரைத்து, சல்லடைச் சட்டத்தால் அள்ளி, ஆட்டி, நீர் வடிய வைத்து, அழுத்தி, பலகையில் ஒட்டிக் காயவைக்கிறார்கள். கடைசியில் வழவழப்பான கல்லாலோ சிப்பியாலோ தேய்த்து மெருகேற்றுகிறார்கள். மெருகேறாத பக்கம் மை ஊறும், மெருகேறிய பக்கம் பேனா வழுக்கிக்கொண்டு போகும்.

751இல் தலாஸ் போரில் அரபுப் படையிடம் சிக்கிய சீனக் கைதிகள் சமர்கண்டுக்குக் காகிதத் தொழிலைக் கற்றுத்தந்தார்கள் என்பது பழைய கதை. இங்கேயும் அப்படித்தான் சொன்னார்கள். ஒரு போர், ஒரு வருடம், ஒரு வெற்றி என்று சொல்ல வசதியான கதை. ஆனால் மிவ்னாய் காகிதத்தில் எழுதியது அதற்கு 430 வருடத்துக்கு முன்னால். 722இல் அரபுப் படை கொன்ற பஞ்சிகெண்ட் அரசன் தேவாஷ்திச்சின் ஆவணங்கள் முக் மலையில் கிடைத்தன, அவற்றிலும் காகிதம் இருக்கிறது. போர் நடப்பதற்கு எத்தனையோ தலைமுறை முன்னாலேயே ஒட்டகப் பையில் காகிதம் இங்கே வந்துகொண்டிருந்தது. பேரரசு நகர்த்தியது என்று எழுதி வைத்த பலவற்றை வியாபாரிதான் முதலில் தூக்கி வந்தான் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

காகிதத்துக்கு உஸ்பெக்கில் 'கோகோஸ்'. பாரசீகத்தில் 'காகஸ்', சோக்திய மொழியிலேயே இதற்கு ஒரு மூத்த சொல் உண்டு. நான் ஒரு தாள் வாங்கினேன். மெருகேற்றிக்கொண்டிருந்த பெண் உங்கள் எழுத்தில் ஏதாவது எழுதுங்கள் என்று சைகையால் கேட்டு நாணல் பேனாவை நீட்டினாள். 'காகிதம்' என்று எழுதி, படித்துக் காட்டினேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டு அவளிடமும் சொல்லச் சொன்னாள். இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தார்கள். காகிதம், காகிதம்.

இரவு ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. மாதுளை மர முற்றத்தில் உட்கார்ந்து, அதே தாளில் அந்தச் சொல்லுக்குக் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். சமர்கண்ட். கேஷ். இரும்புக் கதவு. தெர்மெஸ். பாமியான். பெஷாவர். காஞ்சி.

தங்கை தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "அக்கா, பால்க் விட்டுட்ட" என்றாள். உள்ளே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஓட்டுநர் அண்ணன் திரும்பிப் பார்த்தார். தெர்மெஸுக்கும் பாமியானுக்கும் நடுவில் இடம் பார்த்து, சின்ன எழுத்தில் சேர்த்தேன்.